பழைய ஆம்ஃபிபியன் ப்ளேன் வாங்கணுமா? முதல்ல தண்ணியில ஓட்டக் கத்துக்கங்க

க்ரம்மன் கூஸ், விட்ஜன், ரிபப்ளிக் சீபீ, இந்த மாதிரி தண்ணியிலயும் ரன்வேலயும் இறங்குற ஒரு பழைய ஆம்ஃபிபியன் ப்ளேன் சொந்தமா வேணும்னு ஆசை வந்தவங்க பெரும்பாலும் முதல்ல தேடுறது எங்க விலைக்கு இருக்குன்னுதான். அந்த வரிசையை மாத்துங்க. முதல்ல சீப்ளேன் ரேட்டிங், அதாவது தண்ணியில ஓட்டறதுக்கு லைசென்ஸ்ல சேர்க்கிற தகுதி, அப்புறம் வாங்க நினைக்கிற அதே மாடல்ல ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரோட கொஞ்சம் பறத்தல், அதுக்கப்புறம்தான் பணம். ஏன்னா மேல போனதுக்கப்புறம் இதுவும் ஒரு ப்ளேன்தான், கஷ்டம் எல்லாம் தண்ணியைத் தொடுற இடத்துலயும் கரை சேர்ற இடத்துலயும்தான் இருக்கு, அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியாமலே எண்பது வருஷப் பழைய அலுமினியத்துல சேமிப்பைக் கொட்ட வேணாம்.

அமெரிக்காவுல விமானத் துறையைக் கவனிக்கிற எஃப்ஏஏ விதிப்படி, ஏற்கனவே ப்ரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறவங்களுக்கு சீ ரேட்டிங் சேர்க்க தனியா எழுத்துத் தேர்வு கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் தயார்னு கையெழுத்துப் போடணும், எக்ஸாமினர்கிட்ட வாய்மொழியாவும் பறந்தும் தேறணும், அவ்வளவுதான். ஃப்ளோரிடா விண்டர் ஹேவன்ல இருக்கிற ஜாக் ப்ரௌன்ஸ் சீப்ளேன் பேஸ் 1963லேருந்து இதையே வேலையா செய்யறாங்க, சக்கரத்துக்குப் பதிலா ஃப்ளோட், அதாவது மிதவை மாட்டின பைப்பர் கப்ங்கிற சின்ன ப்ளேன்லதான் சொல்லித்தர்றாங்க. ஆனா கப்ல ரேட்டிங் வாங்கிட்டு நேரா கூஸ்ல உட்கார முடியாது. கூஸ், விட்ஜன் ரெண்டுமே ரெட்டை இஞ்சின், அதுக்கு மல்டி இஞ்சின் சீ ரேட்டிங் வேணும், ரன்வேல டெயில்வீல் ப்ளேன், அதாவது சின்னச் சக்கரம் வாலுக்கடியில இருக்கிற ப்ளேன்ங்கறதால, அதுக்கு இன்ஸ்ட்ரக்டர் எழுதித்தர்ற எண்டார்ஸ்மெண்ட்டும் வேணும். க்ரம்மனோட பெரிய ஆம்ஃபிபியன்களான மல்லார்ட், அல்பட்ராஸ் எல்லாம் எடை 12,500 பவுண்டுக்கு மேல, அதனால அந்த மாடலுக்குன்னே தனி டைப் ரேட்டிங் எடுக்கணும்.

இப்ப தண்ணி விஷயம். இஞ்சின் ஸ்டார்ட் ஆன நொடியே ப்ளேன் நகர ஆரம்பிச்சிடும், தண்ணியில பிரேக் கிடையாது, அதனால கயிறை அவிழ்க்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் தயாரா இருக்கணும், எந்தப் பக்கம் போகப்போறோம், காத்து எங்கேருந்து வருது, இஞ்சின் நின்னா எங்க ஒதுங்குவோம்னு யோசிச்சு வெச்சிருக்கணும். ப்ளேன் எப்பவும் மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பத்தான் பார்க்கும். அதோட மல்லுக்கட்டாம, இஞ்சினை ஐடில்ல விட்டோ நிறுத்தியோ காத்து தள்ற வழியில பின்பக்கமா மெதுவா கரைக்கு வர்ற வித்தை ஒண்ணு இருக்கு, செய்லிங்னு சொல்லுவாங்க, இதை இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டு நிறைய நேரம் பழகுங்க. மெதுவா டாக்ஸி பண்ணும்போது ஸ்டிக் முழுசா பின்னாடி இருக்கட்டும், மூக்கு உயர்ந்திருந்தாதான் ப்ரொப்பல்லர்ல தண்ணி கம்மியா அடிக்கும்.

வேகம் ஏறி ப்ளேன் ஸ்டெப் மேல, அதாவது அடிப்பாகத்துல இருக்கிற படி மாதிரி வெட்டு மேல, தண்ணியைத் தொட்டும் தொடாமலும் ஓடும்போது மூக்கு மேலயும் கீழயும் ஆட ஆரம்பிச்சா அதுக்குப் பேரு போர்ப்பஸிங். அந்த ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி ஸ்டிக்கை முன்னும் பின்னும் தள்ளினா ஒவ்வொரு தடவையும் பெருசாத்தான் ஆகும். பின்பக்க ப்ரெஷர் குடுத்து அப்படியே பிடிங்க, ரெண்டாவது ஆட்டத்துக்குள்ள அடங்கலைன்னா த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்து ஸ்டிக்கை முழுசா பின்னாடி பிடிச்சு தண்ணியில அமர விட்டுடுங்க.

காத்தே இல்லாம தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கிற நாள் பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா உயரம் எவ்வளவுன்னு கண்ணால சொல்லவே முடியாது, நல்ல அனுபவசாலிகளும் ஏமாந்த இடம் இது. அன்னிக்குக் கண்ணை நம்பாதீங்க, கரையை ஒட்டி இறங்கி, கரையை வெச்சு உயரத்தைக் கணிச்சு, தண்ணி தொடுற பொசிஷனை முன்கூட்டியே செட் பண்ணி, பவர் கொஞ்சம் வெச்சு, நிமிஷத்துக்கு 150 அடி கணக்குல இறங்கிக்கிட்டே இருங்க, தொடுற வரைக்கும் ஃப்ளேர் பண்ணவே கூடாது, அதாவது கடைசி நேரத்துல மூக்கைத் தூக்கவே கூடாது. இதுக்கு தூரம் ரொம்ப எடுக்கும், சின்ன ஏரியில இதைச் செய்யாதீங்க.

எல்லாத்தையும் விட முக்கியமானது சக்கரம். ரன்வேல சக்கரம் இல்லாம இறங்கினா அடிப்பாகம் தேயும், செலவு வைக்கும், பெரும்பாலும் ஆள் தப்பிச்சுடுவாங்க. தண்ணியில சக்கரம் வெளிய நீட்டிக்கிட்டு இறங்கினா ப்ளேன் தலைகுப்புறக் கவிழும், உள்ள இருக்கிறவங்க இருட்டுத் தண்ணியில பெல்ட்டோட தலைகீழாத் தொங்குவாங்க. பழகின பைலட்டுக்கும் நடக்குது, வழக்கமா ரன்வேல ஏறி பக்கத்துல இருக்கிற ஏரிக்கே போற குட்டிப் பயணத்துல, சக்கரத்தை ஏத்த மறந்து. அதனால ஒவ்வொரு லேண்டிங்குக்கும் வாய்விட்டுச் சொல்லுங்க, "இது தண்ணி லேண்டிங், சக்கரம் மேல இருக்கு"ன்னு, சொல்லும்போதே கண்ணால சரிபார்த்து, இறங்கப் போற கடைசி நேர்க்கோட்டுல, அதாவது ஃபைனல்ல, இன்னொரு தடவையும். சக்கர நிலையைக் காட்டுற லைட்டை மட்டும் நம்ப வேணாம், சக்கரமோ அதைக் காட்டுற கண்ணாடியோ தெரிஞ்சா அதைப் பாருங்க. தண்ணிக்குள்ளேருந்து வெளிய வர்ற எக்ரஸ் ட்ரெயினிங் கண்டிப்பா எடுங்க, லைஃப் ஜாக்கெட்டை வெளிய வந்த பிறகுதான் ஊதணும்னு கூட வர்றவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க.

சரி, எந்த ப்ளேன்? என்னைக் கேட்டா முதல் ஆம்ஃபிபியனா சீபீதான். பெர்சிவல் ஸ்பென்சர் டிசைன் பண்ணது, 1946, 47ல 1,060 ப்ளேன் செஞ்சாங்க, பின்னாடி தள்ற ஒரே ப்ரொப்பல்லர், 215 குதிரைசக்தி ஃப்ராங்க்ளின் இஞ்சின், முன்பக்கம் ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்து டாக்கைப் பிடிக்கிறது அவ்வளவு வசதி. ஏற்றம்தான் மந்தம், அந்த இஞ்சினுக்குப் பார்ட்ஸும் லேசுல கிடைக்காது, அதனால லைகமிங் கம்பெனி இஞ்சினுக்கு மாத்தினது நிறைய இருக்கு, மாத்தியிருந்தா பேப்பர் எல்லாம் சரியான்னு பாருங்க. லேக்ங்கிற ஆம்ஃபிபியன் இன்னும் புதுசு, ஆனா இஞ்சின் தலைக்கு மேல இருக்கறதால பவர் குடுத்தா மூக்கு கீழ போகும், எடுத்தா மேல போகும், மத்த ப்ளேன்ல வந்த பழக்கத்துக்கு நேர்மாறா, அதுக்குன்னே ட்ரெயினிங் இல்லாம தொடாதீங்க. கூஸ் 1937ல முதல்ல பறந்தது, மொத்தமே 345தான், 450 குதிரைசக்தி வாஸ்ப் ஜூனியர் ரெண்டு, அதைக் கட்டிக் காப்பாத்த நல்ல வருமானமும் சீப்ளேன் தெரிஞ்ச மெக்கானிக்கும் வேணும்.

வாங்கும்போது பெயிண்ட்டையும் ரேடியோவையும் பார்த்து மயங்கிடாதீங்க, இஞ்சினைக் கூட மாத்திக்கலாம், அரிச்சுப் போன அடிப்பாகமும், இறக்கையைத் தாங்குற உத்தரமான ஸ்பாரும்தான் ஆளை முழுங்கும். தரைப் பலகையைக் கழட்டி, அதுக்கடியில தண்ணி தேங்குற பில்ஜ் முழுக்க டார்ச் அடிச்சுப் பாருங்க, வெள்ளைப் பொடி, அடுக்கடுக்கா உப்பி வர்ற உலோகம், சுத்தி கருப்பா புகை படிஞ்ச ரிவெட், ஸ்டெப் கிட்ட ஒட்டுப்போட்ட தகடு, எல்லாத்துக்கும் காரணம் கேளுங்க. 2005 டிசம்பர்ல மயாமி கிட்ட சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸோட மல்லார்ட் ஒண்ணுக்கு பறக்கும்போதே இறக்கை பிஞ்சு 20 பேரும் செத்துப் போனாங்க, 1947ல செஞ்ச ப்ளேன், காரணம் இறக்கைக்குள்ள இருந்த ஃபடீக் விரிசல், அதாவது திரும்பத் திரும்பப் பளு ஏறி உலோகம் சோர்ந்து வர்ற விரிசல். அந்த இறக்கைல எரிபொருள் கசிவு ஏற்கனவே இருந்திருக்கு. ஆகவே இறக்கைல கசிவை அடைக்க சீலண்ட் பசை தடவி வெச்சிருக்கிறதைப் பார்த்தா, அதுக்கடியில என்னன்னு தெரியாம கையெழுத்துப் போடாதீங்க.

விலை பேசுறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க. அந்த மாடல்ல இத்தனை மணி நேரம் இன்ஸ்ட்ரக்டரோட பறந்திருக்கணும்னு கேப்பாங்க, சில சமயம் தரவே மாட்டாங்க, அது தெரிஞ்சாதான் பட்ஜெட்டே போட முடியும்.

வாங்கினப்புறம் முடிஞ்ச வரைக்கும் நன்னீர்லயே பறங்க. கடல்ல இறங்கினா அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவணும், சக்கரக் குழி, கேபிள், பிரேக் எல்லாம் சேர்த்து, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. பறக்குறதுக்கு முன்னாடி பில்ஜ் தண்ணியை வடிச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு நோட்டுல எழுதிவைங்க, வழக்கத்தை விட ஜாஸ்தியா இருந்தா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். தண்ணியை வடிக்கிற ஓட்டையை மூடுற ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டும்போதும் மாட்டும்போதும் எண்ணுங்க. ஒரு ஏரியிலேருந்து இன்னொரு ஏரிக்குப் போறதுக்கு முன்னாடியும் அந்தத் தண்ணியை வடிச்சு, ஒட்டியிருக்கிற பாசியை எடுத்துடுங்க, ஸீப்ரா மஸல் மாதிரி சிப்பிகள் அப்படித்தான் பரவுது.