பொது ஜெபத்தில் நாட்டு நடப்பு: புதிதாக முன்னால் நிற்பவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டு ஜெபத்தை இப்போது வாலிபர்களும் முறை வைத்து ஏறெடுக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரச் செய்தியை ஜெபத்துக்குள் கொண்டுவரும்போது, அந்த வயதில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். மைக்கைத் தட்டிப் பார்ப்பது, பெயரைத் தப்பாகச் சொல்வது, வரிக்கு வரி ‘ஸ்தோத்திரம்’ போட்டு நிரப்புவது எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். யாராவது பிடித்து நிறுத்திச் சொன்னால் மட்டுமே சரியாகிறவை வேறு.

கர்த்தருக்குச் செய்தி வாசிப்பது

“ஆண்டவரே, உமக்குத் தெரியும், போன வெள்ளிக்கிழமை மியன்மாரில் ரிக்டர் அளவில் 7.7...” தெரியும் என்றால் விட்டுவிடுங்கள், தம்பி.

வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பு

‘ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரி குடும்பங்களுக்கு நாளை மதியம் மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்.’ பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை. 2007இல் தாலிபான்கள் 23 தென்கொரியக் கிறிஸ்தவர்களைக் கடத்தி, இருவரைக் கொன்று, மற்றவர்களைப் பிறகு விடுவித்தார்கள். அது நடந்தது. வாட்ஸ்அப்பில் வருவது கட்டுக்கதை. பொய்ச் செய்திக்கு 2019 முதல் இங்கே தனிச் சட்டமே இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பொய்க்கு ஆமென் சொல்லிவிட்டோம் என்று சபைக்குத் தெரிந்தால், அடுத்து வரும் உண்மையான குறிப்புக்கு யார் மனம் ஊன்றி ஜெபிப்பார்கள்? தேதியும் ஊரும் இல்லாத குறிப்பை முன்னால் கொண்டுவராதீர்கள்.

ஜெபத்தில் தீர்ப்பு சொல்வது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பெரிய துன்பம் ஒன்று நடந்ததும், அது ஏன் நடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கம் சொல்லிவிடுவது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுனாமி தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டபோது இங்கே காலை ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சில வாரங்களில் எத்தனை பேர் அதைப் பாவத்தின் தண்டனை என்று மைக்கில் சொன்னார்கள்! இன்னொரு பக்கம், வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று சிலர் சாட்சி சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து, மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போய், திரும்பி வராத யாத்திரிகர்கள் இந்த இரண்டு கணக்கில் எதில் வருவார்கள்?

இங்கே நம் வாசலிலேயே நடந்தது 2013இல். டிசம்பர் 8, ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ஷியர் ரோடும் சேரும் இடத்தில், வெளிநாட்டு ஊழியர்களை அவர்கள் தங்கும் விடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தில் அடிபட்டு 33 வயதுத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இறந்தார். பிறகு கலவரம், கவிழ்ந்த கார்கள், எரிந்த ஆம்புலன்ஸ். அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் மூன்றாம் வாரம். வேறொரு சபைக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தேன். மன்றாட்டு ஜெபம் ஏறெடுத்தவர் நல்ல மனிதர். “ஆண்டவரே, குடியினால் எங்கள் சமுதாயத்துக்கு வந்த தலைகுனிவை நீக்கும், இந்த மண்ணின் உப்பைத் தின்கிறவர்களுக்கு நன்றியுள்ள இருதயத்தைத் தாரும்” என்றார். முன்வரிசைகளிலிருந்து பலமாக ஆமென் வந்தது.

பின்னால் மூன்று பெஞ்சு நிறைய விடுதியிலிருந்து வந்த தம்பிமார். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில், சட்டைக்கு இஸ்திரி போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். ஒருவன் கண்ணைத் திறந்து பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவனும் இவனைப் பார்த்தான். ஆராதனைக்குப் பிறகு கீழே பீஹூனும் (அரிசிச் சேமியா) தேநீரும் இருந்தன. ஒருவரும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் அந்தப் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன என்று அந்தச் சபைப் போதகர் பின்னால் சொன்னார்.

செத்தவரின் குடும்பத்துக்காக அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடிபட்ட போலீஸ்காரர்களுக்காகவும் இல்லை. நம் மானம்தான் இருந்தது.

2020இல் விடுதிகளில் கோவிட் பரவியபோதும் இதே கதை, ஜூமில். “அவர்களுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடும்” என்று ஒரு சகோதரி ஜெபித்தார். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேராக அடைபட்டிருந்த ‘அவர்கள்’ அதே ஜூமில் அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது ஆறுதல் சொல்ல வந்து நோகடிக்கிறவர்கள், என்று பெயர் வாங்கினார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13ஐ இவர்கள் யாரும் திறப்பதில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

“அப்படியானால் பாவத்தைப் பற்றிப் பேசவே கூடாதா, ஐயா?” என்று கேட்கிறார்கள். பேசுங்கள், பிரசங்கத்தில், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. கேட்டவன் பிறகு வந்து சண்டை போட அதில் இடம் உண்டு. ஜெபத்தில் யாராலும் குறுக்கே பேச முடியாது. தலை குனிந்திருக்கிறவர்களிடம் உங்கள் கருத்துக்கு ஆமென் வாங்கிவிடுகிறீர்கள்.

எழுதி வாருங்கள். ‘இதன்மூலம்’, ‘எங்களுக்குப் பாடமாக’, ‘இனியாவது’ என்று வரும் வரிகளை அடித்துவிடுங்கள். யாருக்கு அடிபட்டது, எந்த வீட்டில் அழுகை, யார் உதவிக்குப் போயிருக்கிறார்கள் என்பது மீதமிருக்கும். அதை ஜெபியுங்கள். ஒன்றுமே வாயில் வராத வாரத்தில் 13ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், ஆறே வசனம்.

தேர்தலுக்கு மறுநாள்

2025இல் வாக்களிப்பு மே 3, சனிக்கிழமை, விடிந்தால் ஆராதனை. அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அதற்காக உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்று குரலில் காட்ட வேண்டியதில்லை. தோற்றவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தீபாவளி வாரம்

இந்துக்களை ‘இருளில் கிடக்கும் ஜனங்கள்’ என்று சொல்ல வேண்டாம். யாருடைய மாமியாரோ பேரனைப் பார்க்க வந்து பின்பெஞ்சில் இருப்பார்.

நோயின் பெயர்

வீட்டாரைக் கேட்காமல் சொல்லாதீர்கள்.

நேரம்

ஐந்து நிமிடம். பாட்டிமார் நின்றுகொண்டிருக்கிறார்கள்.