செம்பருத்திச் சாற்றில் ஒரு சோலார் செல்

பற்பசையிலும் வெள்ளை பெயிண்டிலும் இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடை வைத்து சோலார் செல் செய்துகாட்டியவர் மைக்கேல் கிராட்செல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் பேராசிரியர். இந்தப் பொடி புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும், மற்ற வெளிச்சத்தைப் பிடிக்க மேலே ஒரு சாயம் ஏற்ற வேண்டும். வழவழப்பான பரப்பில் ஒட்டுகிற ஒற்றை அடுக்குச் சாயம் எந்த மூலைக்கு? அதனால் அவரும் உடன் ஆய்வு செய்த பிரையன் ஓ'ரீகனும் நானோ துகள்களைப் பஞ்சு மாதிரி கோத்து, 10 மைக்ரோமீட்டர் படலத்துக்குள் பல நூறு மடங்கு பரப்பை அடக்கினார்கள். 1991-ல் வெளியான கட்டுரையில் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் திறன் 7 சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் பயன்படுத்தியது ருத்தேனியம் சாயம். நமக்குச் செம்பருத்தி போதும், 1 சதவீதம்கூடத் தேறாது, ஆனால் ஓடும்.

மின்சாரம் கடத்தும் எஃப்டிஓ (ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடி இரண்டு துண்டு வாங்குங்கள். ஒரு பக்கம்தான் கடத்தும், மல்டிமீட்டரில் ஓம் காட்டுகிற பக்கம் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொடி 20, 25 நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பெயிண்டுக்கான பொடி அதைவிடப் பத்து மடங்கு பருமன், அதை வாங்கி ஏமாறாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு கிராமுக்கு ஒன்றரை மில்லி வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கல்வத்தில் அரைமணி நேரமாவது அரையுங்கள். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு.

ஒரு கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் மூன்று ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டி, நடுவில் விழுதை வைத்துக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பாக இழுங்கள். டேப்பின் கனம்தான் ஈரப் படலத்தின் கனம், இன்னும் கொஞ்சம் பூசலாமே என்று தோன்றும், பூசாதீர்கள், காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்துவிடும். டேப்பை எடுத்துவிட்டு ஹாட் பிளேட்டில் 450 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வையுங்கள். முதலில் பழுப்பாகும், பயப்பட வேண்டாம், லிக்விட் எரிந்து போனதும் மறுபடி வெளுக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது இந்தச் சூட்டில்தான். அப்புறம் அடுப்பை அணைத்து, தானாக ஆறவிடுங்கள். நான் அவசரப்பட்டு இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்த முதல் கண்ணாடி 'டப்' என்று இரண்டாகப் போனது.

செம்பருத்தி இதழைக் கொஞ்சம் வெந்நீரில் கசக்கினால் கருஞ்சிவப்புச் சாறு வரும், நாவல்பழம் கிடைத்தால் அதுவும் சரி. படலத்தை அதில் பத்து நிமிடம் முக்கி, தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் அலசுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் திரும்ப முக்குங்கள்.

இன்னொரு கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் 4பி பென்சிலால் நன்றாகத் தேய்த்து, கடத்தும் பக்கங்கள் எதிரெதிரே பார்க்க, ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, இரண்டு பைண்டர் கிளிப் போடுங்கள். 10 மில்லி எத்திலீன் கிளைக்காலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 0.127 கிராம் அயோடினும் கரைத்து, இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். கையில் பட்டால் கறை சீக்கிரம் போகாது, கையுறை அவசியம்.

சாயம் ஏறிய கண்ணாடி வெயிலைப் பார்க்க வேண்டும், அதுதான் நெகட்டிவ். வெளியே நீட்டிய ஓரங்களில் மல்டிமீட்டரை வைத்தால் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை வரும். கையால் நிழல் போட்டுப் பாருங்கள், எண் விழ வேண்டும். மறுநாள் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் திரவம் காய்ந்திருக்கும், இன்னொரு சொட்டு விடுங்கள்.