தாளை எடுப்பதற்கு முன்னும் எண்ணைக் கூட்டிய பின்னும்: திருகோணமலையில் உளநல வினாக்கொத்தைக் கையாளும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் உளசமூகப் பணியில் இருப்பவர்கள், உளவளத்துணை பயில்பவர்கள், பாடசாலையில் வழிகாட்டல் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்கள் ஆகியோரின் கைக்கு என்றாவது ஒருநாள் ஓர் உளநல வினாக்கொத்து வந்து சேரும். பெரும்பாலும் அது வேறொரு நாட்டில் உருவாகி, யாரோ ஒருவரால் அவசரமாகத் தமிழாக்கப்பட்டு, படியெடுத்துப் படியெடுத்து மங்கிய தாளாக இருக்கும். அந்தத் தாளை வாசித்து, விடைகளுக்கு அடையாளமிட்டு, எண்ணைக் கூட்டுவதற்குப் பத்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்த எண் எதையாவது சொல்ல வேண்டுமானால், தாளை எடுப்பதற்கு முன்னரே செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதை நான் ஒரு தவறின் மூலமே கற்றுக்கொண்டேன்.

பயிற்சிக் காலத்தில் எனக்குத் தரப்பட்ட தாளில் ‘உங்களுக்கு மனஅழுத்தம் உள்ளதா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. தம்பலகாமத்தில் வயதான ஒருவரிடம் அதை அப்படியே வாசித்தேன். அவர், ‘ஓம் பிள்ளை, பிறசர் இருக்கு, மாசாமாசம் கிளினிக்குக்குப் போறனான்’ என்றார். நான் ‘ஓம்’ என்ற பகுதியை மட்டும் கேட்டு அடையாளமிட்டேன். வீடு திரும்பி எண்ணைக் கூட்டியபோதுதான் அவர் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னார் என்பது உறைத்தது. மனைவி இறந்த பின் தனியே சமைத்து உண்ணும் அம்மனிதரின் துயரம் அந்தத் தாளில் எங்கும் பதியவே இல்லை.

எந்தத் தாள், எதற்காக

முதலில், எதை அறிய விரும்புகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரவலாகப் பயன்படும் மூன்று கருவிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் எஸ்.ஆர்.கியூ-20 என்பது கடந்த 30 நாட்களைப் பற்றிய, ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று விடையளிக்கக்கூடிய 20 கேள்விகளைக் கொண்டது. தலையிடி, பசியின்மை, நித்திரைக் குறைவு, வயிற்றில் அசௌகரியம் போன்ற உடல்சார்ந்த கேள்விகளும் அதில் இருப்பதால், மனதைப் பற்றி நேரடியாகப் பேசத் தயங்குபவர்களிடம் தொடங்குவதற்கு அது ஏற்றது. பி.எச்.கியூ-9 என்பது குரொங்கே, ஸ்பிற்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் பரவலான கருவி. கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகள் எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்டு, 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும். எடின்பரோ பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வு அளவுகோல் 1987இல் வெளிவந்தது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள் கொண்டது. நித்திரைக் குறைவையும் களைப்பையும் வைத்து ஒரு புதுத் தாயை அளக்க முடியாது, கைக்குழந்தை உள்ள எந்தத் தாய்க்கும் அவை இருக்கும். எடின்பரோ அளவுகோல் அத்தகைய உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் வேண்டுமென்றே விலக்கிவைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே குடும்ப நல உத்தியோகத்தருடன் இணைந்து தாய்மாரைச் சந்திப்பவர்கள் பி.எச்.கியூவைவிட இதையே தெரிவுசெய்வது நல்லது.

இவற்றில் எதுவும் நோயைத் தீர்மானிக்கும் கருவி அன்று. யாரை மேலும் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டும் சல்லடைதான்.

தாளையே எடுக்கக் கூடாத இடமும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைக் கருதியே இதைச் சொல்கிறேன். அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் போலின் பொஸ், போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவர் உடலால் இல்லாமல் நினைவில் மட்டும் இருப்பது அதன் ஒரு வகை. மறதிநோயில் நேர்வது போல, உடலால் அருகில் இருந்தும் மனதால் விலகிப்போவது மற்றொரு வகை. மரணம் உறுதியாகாதபோது சடங்கு இல்லை, சடங்கு இல்லாதபோது துக்கத்துக்கு ஒரு முடிவும் இல்லை. இந்நிலையில் இருக்கும் ஒரு பெண் பொட்டும் தாலியுமாக இருப்பதை ‘இழப்பை ஏற்க மறுத்தல்’ என்று எழுதிவிடுவது பெரும் பிழை. இறப்புக்குப் பிந்திய துயரை அளக்கும் வினாக்கொத்துகள் பல ‘அவர் இறந்து எவ்வளவு காலமாகிறது?’ என்பது போன்ற கேள்வியைக் கேட்கின்றன. அக்கேள்வியை அப்பெண்ணிடம் கேட்பது, அவர் இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல மறுத்த ஒரு சொல்லை அவர் வாயில் திணிப்பதாகும். அங்கே தாளை மூடிவைத்துவிட்டு, ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா’ என்று மட்டும் கேட்டு அமர்ந்திருக்க வேண்டும்.

சொற்களைச் சேகரித்தல்

தாளைத் தெரிவுசெய்த பின், நீங்கள் பணிசெய்யும் ஊரில் துயரம் எந்தச் சொற்களில் பேசப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மானிடவியலாளர் மார்க் நிக்டர், தென் கர்நாடகத்தில் ஹவ்யக பிராமணப் பெண்களிடையே ஆய்வுசெய்து, இத்தகைய வழக்குகளுக்கு ‘துயரின் மொழிவழக்கு’ என்ற பொருள்படும் பெயரை 1981இல் தந்தார். நம்மிடையே ‘யோசனை’ என்ற சொல் அத்தகையது. ‘அவ சரியான யோசனை’ என்றால் அவர் சிந்தனையாளர் என்று பொருளல்ல, ஓயாத கவலை அவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள். ‘நெஞ்சு பாரம்’, ‘பெருமூச்சு’, ‘ஏக்கம்’, ‘கைகால் உளைவு’, ‘ஒண்டுக்கும் மனமில்லை’, ‘சீயெண்டு போச்சு’ ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு கனம் உடையவை. ‘விசர்’ (பைத்தியம்) என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், அது வீட்டின் பெயரையே கெடுக்கும் சொல்லாகக் கருதப்படுகிறது.

இதற்கு உதவக்கூடிய எளிய கருவியொன்று உண்டு. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் தம் சகாக்களுடன் 1978இல் சில கேள்விகளை முன்வைத்தார். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள், இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, உங்களை என்ன செய்கிறது, எவ்வளவு கடுமையானது, எந்த வகையான சிகிச்சை வேண்டும் என்று எண்ணுகிறீர்கள், அதிலிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பவை போன்றவை அவை. இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. என் அனுபவத்தில், கடைசிக் கேள்விக்கு வரும் விடையே பெரும்பாலும் மிக முக்கியமானது. செய்வினை, கண்ணூறு, கிரகபலன் என்று ஒருவர் காரணம் சொன்னால் அதைத் திருத்த முனையாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழாக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடும் முறையை றிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விரிவாக விளக்கினார். அது அவசியமானது, ஆனால் போதாது. இரு மொழிபெயர்ப்பாளர்களும் படித்தவர்களாக இருப்பதால் ‘மனஅழுத்தம்’ பிழையின்றித் திரும்பிவந்துவிடும். ஆகவே கேள்வியை வாசித்துக் காட்டி, ‘இதை உங்கட சொல்லில ஒருக்காச் சொல்லுங்கோ’ என்று ஐந்தாறு பேரிடமாவது கேட்க வேண்டும். திருகோணமலை நகரில் இருவர், கிண்ணியாவிலோ மூதூரிலோ இருவர், சம்பூர்ப் பக்கத்தில் இருவர் எனக் கேட்டால், ஒரே தமிழுக்குள் இருக்கும் வேறுபாடு தெரியவரும்.

எதிர்மறைக் கேள்விகளை முற்றாக நீக்குங்கள். ‘உங்களுக்கு நித்திரை வாறதில்லையா?’ என்ற கேள்விக்கு ‘ஓம்’ என்று ஒருவர் சொன்னால், வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறாரா, வருகிறது என்கிறாரா என்பது அவருக்கும் உங்களுக்கும் வெவ்வேறாக விளங்கலாம். ‘நித்திரை கொள்ளக் கஷ்டமா இருக்கா?’ என்று மாற்றினால் குழப்பம் தீரும். ஏற்கெனவே இலங்கைத் தமிழரிடையே சோதிக்கப்பட்ட பதிப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அதில் ஒரு சொல்லை மாற்றினாலும் அம்மாற்றத்தை எழுதிவைத்து, குழுவிலுள்ள எல்லோரும் அதே சொல்லையே வாசிக்க வேண்டும்.

கேட்கும் முறை

வயதில் மூத்தவரை ‘அம்மா’, ‘ஐயா’ என்றும், கிண்ணியாவில் ஒரு பெண்ணை ‘ராத்தா’ (அக்கா) என்றும் அழைத்துத் தொடங்குவது மரியாதைக்காக மட்டுமன்று. தேர்வெழுத வைக்க வந்திருக்கிறார்கள் என்ற அச்சம் அப்போதுதான் விலகும். மாமியாரோ கணவரோ அருகில் இருக்கும்போது கேட்டால் எல்லா விடையும் ‘இல்லை’யாகவே வரும். கிணற்றடியிலோ வேலியோரத்திலோ தனியே பேச இடம் தேடுங்கள். நிவாரணத்துக்கோ வீட்டுத் திட்டத்துக்கோ இந்த விடைகளோடு தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2006 இடம்பெயர்வுக்குப் பின்னும் எத்தனையோ தாள்களை நிரப்பிய மக்கள் இவர்கள்.

காலத்தை நாட்காட்டியால் அல்லாமல் அவர்களுக்குத் தெரிந்த அடையாளத்தால் குறிப்பிடுங்கள். 30 நாட்கள் என்பது ஏறக்குறைய ஒரு போயாவிலிருந்து (பௌர்ணமி) அடுத்த போயா வரையிலான காலம். இரண்டு வாரம் என்றால், போன வெள்ளிக்கு முதல் வெள்ளியிலிருந்து என்று தொடங்கலாம்.

பி.எச்.கியூவின் நான்கு விடைகளான ‘ஒருபோதும் இல்லை’, ‘சில நாட்கள்’, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’, ‘அநேகமாக ஒவ்வொரு நாளும்’ என்பவை பலருக்குக் கைக்கெட்டாதவை. நான் 14 புளியங்கொட்டைகளை எடுத்துச் செல்கிறேன். ஒரு கொட்டை ஒரு நாள். ‘மனம் விட்டுப்போய்க் கிடந்த நாளுக்கு ஒவ்வொன்றா இந்தப் பக்கம் தள்ளுங்கோ’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். ஒன்றுமில்லை அல்லது ஒன்று என்றால் 0, இரண்டு முதல் ஆறு வரை 1, ஏழு முதல் பதினொன்று வரை 2, பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் 3 என்று மதிப்பெண் இடலாம். கொட்டையைத் தள்ளிய விரல் திரும்பி வந்து அதை மீண்டும் இந்தப் பக்கம் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்; அந்த இடத்தில் நிறுத்தி, அந்த நாளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நித்திரையையும் பசியையும் பற்றிய கேள்விகளில் ஊரின் வாழ்க்கை குறுக்கிடும். இரவில் வலைபோடச் செல்லும் ஒருவர் பகலில் உறங்குகிறார். நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் சஹருக்கு (விடியமுன் உணவுக்கு) எழுவோரின் நித்திரையும் உணவும் மாறியிருக்கும், ஆகவே அம்மாதத்தில் கணக்கெடுப்பைத் தவிர்ப்பதே சிறந்தது. தவிர்க்க முடியாவிட்டால், ‘உங்கட வழமையைவிடக் கூடவா, குறையவா?’ என்று கேளுங்கள். மனதை ஒருமுகப்படுத்துவது பற்றிய கேள்வியில் மூலம் பத்திரிகை வாசிப்பையும் தொலைக்காட்சி பார்ப்பதையும் உதாரணமாகத் தருகிறது. இங்கே வலை பொத்துவதையும், மிச்சக்காசு எண்ணுவதையும், தொழுகையில் அல்லது தேவாரத்தில் மனம் நிற்பதையும் கேட்டால் நேரான விடை வரும்.

ஒன்பதாவது கேள்வி

தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பி.எச்.கியூவின் ஒன்பதாவது கேள்வியும், எடின்பரோவின் பத்தாவதும், எஸ்.ஆர்.கியூவில் உயிரை முடித்துக்கொள்வது பற்றிய கேள்வியும் பலரும் விழுங்கிவிட்டுக் கடந்துபோகும் இடங்கள். கேட்டால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. குரலைத் தாழ்த்தாமல், வேகத்தைக் கூட்டாமல், மற்றக் கேள்விகளைப் போலவே கேளுங்கள். ஒரு கொட்டை இந்தப் பக்கம் வந்தாலும் மொத்த எண்ணைப் பார்க்காமல் அங்கேயே நிறுத்தி, இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் வீட்டில் உண்டா என்று கேட்க வேண்டும்.

வயல் ஊர்களில் அந்தப் பொருள் பெரும்பாலும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்தான். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்தது. கொடிய நச்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின், பத்தாண்டுகளில் அது பாதியளவுக்குக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும் என்பதால், போத்தலை வேறொரு வீட்டிற்கு மாற்ற அவரது சம்மதத்துடன் குடும்பத்தில் ஒருவரை இணைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் வைத்தியசாலைக்கு நீங்களே உடன் செல்ல வேண்டும். இந்த ஏற்பாடுகள் முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால், கணக்கெடுப்பைத் தொடங்கவே கூடாது.

எண்ணைக் கூட்டிய பின்

பி.எச்.கியூவில் 10ஐ வெட்டுப்புள்ளியாகக் கொண்டு, அந்த எண்ணையோ அதற்கு மேலோ எடுத்தவர்களைப் பிரித்தபோது, 2001 ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 வீதத்தினரையும் இல்லாதவர்களில் 88 வீதத்தினரையும் அக்கருவி சரியாக இனங்கண்டது. இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 1000 பேரிடம் கேட்கிறீர்கள், அவர்களில் 100 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு உண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 88 பேரைக் கருவி பிடிக்கும். மற்ற 900 பேரில் 12 வீதத்தினர், அதாவது 108 பேர், நோயின்றியே 10ஐ எட்டுவார்கள். மொத்தம் 196 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே உண்மையில் மனச்சோர்வுடையவர்கள். மேலும் 10 என்ற அந்த வெட்டுப்புள்ளி அமெரிக்க மருத்துவ நிலையங்களில் கணக்கிடப்பட்டது. எடின்பரோ அளவுகோலும் வேறு மொழிகளுக்குச் சென்றபோது பல இடங்களில் தாழ்ந்த வெட்டுப்புள்ளியே பொருந்தியது. ஆகவே ‘உங்களுக்கு மனச்சோர்வு இருக்கு’ என்று ஒருவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். ‘நீங்கள் சொன்னதைப் பார்க்கையில் கொஞ்ச நாளாப் பாரம் கூடியிருக்கு, டொக்டர் ஒருவரோட கதைச்சால் நல்லம், நானும் கூட வாறன்’ என்று சொல்லலாம்.

தாளில் பெயர் எழுத வேண்டாம், இலக்கம் போதும். பெயரும் இலக்கமும் உள்ள பட்டியல் வேறொரு பூட்டிய இடத்தில் இருக்கட்டும். சிறிய ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதே செய்தி. கிராம உத்தியோகத்தர் அன்பாகக் கேட்டாலும் தாளைக் காட்டாதீர்கள்.

உதவி கிடைக்கத் தொடங்கிய பின் மறுபடியும் செல்ல வேண்டும். பி.எச்.கியூவில் ஐந்து புள்ளிகள் குறைந்தால்தான் உண்மையான மாற்றம் என்று கொள்வது வழக்கம். ஒன்றிரண்டு குறைவதை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். முதல்முறை கேட்டவரே, அதே சொற்களில், இயன்றால் அதே நேரத்தில், அதே 14 கொட்டைகளோடு போய்க் கேட்பது நல்லது.