படிக்க உட்காருமுன் ஒரு துண்டுச்சீட்டு

படிக்க உட்காருமுன், அந்தப் பாடத்தில் புரியாத மூன்று விஷயங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபம் பண்ணுங்கள். "ஆண்டவரே, நல்ல மார்க் தாரும்" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்தக் கணக்கில் மூன்றாவது வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். அப்புறம் சீட்டை வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் இருக்கும் பக்கத்தில் வையுங்கள். படித்த பிறகும் புரியாமல் நிற்பதை மறுநாளே தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறது யாக்கோபு 1:5. கேட்பதற்கு முதலில் குறைவை ஒத்துக்கொள்ள வேண்டுமே! தேவனிடம் அதை வாய்விட்டுச் சொன்னவருக்கு மனுஷரிடம் கேட்கிற கூச்சம் பாதி போய்விடும், எதிரே நிற்பது ஜூனியராக இருந்தாலும் சரி. எங்கே தொடங்குவது என்று பக்கங்களைப் புரட்டும் நேரமும் மிச்சம். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஊசிக்கோபுரம் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கேட்கலாம். நம்ம திருநெல்வேலிச் சபைகளில் வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மாத டியூஷன் காசுகூட மிஞ்சலாம்.

புத்தகத்தையே திறக்காதவருக்கு இது உதவாது. எது புரியவில்லை என்று எழுதவாவது ஒருமுறை வாசித்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் இது வேண்டாம். அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜெபித்துத் தூங்குங்கள்.