புளோரிடா மாட்டுச் சாட்டையை வீட்டிலேயே பின்னுவது எப்படி

புளோரிடாவின் கிராக்கர் கௌபாய்களுக்கு, அதாவது அந்த ஊர் மாட்டுக்காரர்களுக்கு, சுருக்குக் கயிற்றைவிடச் சாட்டைதான் முக்கியம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழி வந்த மந்தை சதுப்பிலும் பைன் காட்டிலும் பனைப்புதரிலும் போய்ப் பதுங்கிக்கொள்ளும், அங்கே கயிறு வீச இடமே இருக்காது, அதனால் நாய்களை விட்டுக் கிளப்பி, சாட்டையைச் சொடுக்கி, அந்தச் சத்தத்தாலேயே திருப்பி ஓட்டுவார்கள். மாட்டின் மேல் அடி விழக்கூடாது.

இந்தச் சாட்டையில் பிடி தனி, பின்னல் தனி. பின்னல் தேய்ந்தால் புதிதாகப் பின்னி அதே பிடியில் மாட்டலாம். தாத்தா கடைந்த பிடியில் பேரன் பின்னிய சாட்டை தொங்குவது இதனால்தான் முடிகிறது. வீட்டில் பழைய பிடி இருந்தால், கொஞ்சம் கீறல் விழுந்திருந்தாலும் சரி, அதிலிருந்தே தொடங்குங்கள்.

இல்லையென்றால் ஹிக்கரி, ஓக் மாதிரி கெட்டி மரத்தில் 14 அங்குலம் கடைந்து, நுனியிலிருந்து உள்ளே ஒரு துளையும் அது பக்கவாட்டில் வெளியே வர வழியும் போடுங்கள். உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசினால் பிடி வேலை முடிந்தது.

முன்பு மான் தோலிலும் மாட்டுத் தோலிலும்தான் பின்னினார்கள். நனைந்தால் தோல் சாட்டை சரியாக வேலை செய்யாது, புளோரிடா மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் இப்போது நைலான் பாராசூட் கயிறு. '550' ரகம் வாங்கி உள்ளே இருக்கும் நூல்களை உருவிவிட்டால் உறை தட்டையாகிவிடும், அப்போதுதான் பின்னல் படியும்.

எட்டு அடிச் சாட்டைக்கு முதலில் கரு. ஓர் உறைக்குள் ஏர்கன் எஃகுக் குண்டுகளை இரண்டு அடிக்கு நிரப்பி முனையைக் கட்டுங்கள். அதன்மேல் நாலு இழையில் 'வயிறு' என்கிற உள்பின்னலைப் பின்னி நாலு அடிக்குக் கொண்டுபோங்கள். அதில் இரண்டு இழைகளைத் தலைப்பக்கம் ஓர் அடி நீளமாக விட மறக்காதீர்கள், பிடிக்குள் போகப்போவது அவைதான். மெழுகு நூலால் இறுக்கிச் சுற்றியபின், எட்டு இழையில் மேல்பின்னல், இரண்டின் மேல், இரண்டின் கீழ். பின்னும்போது நீளம் குறையும் என்பதால் கடைசிவரை போகும் இழைக்கு எட்டு அடி போதாது, பதினாலு அடி வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டையின் உயிரே அது போகப் போக மெலிந்துகொண்டே வரும் சரிவில்தான் இருக்கிறது. கையின் விசை பின்னல் வழியாக ஓடும்போது, போகப் போக எடை குறைந்தால்தான் வேகம் ஏறும், நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு சுமார் 340 மீட்டரைத் தாண்டும்போதுதான் அந்த வெடிச்சத்தம் வரும். எனவே சாட்டை எலிவால் மாதிரி மெலிய வேண்டும். வயிற்று இழைகளை ஒரே இடத்தில் முடிக்காமல் முன்னும் பின்னுமாக வெட்டுங்கள். நாலரை அடி வாக்கில் மேல்பின்னலில் இரண்டு இழைகளை உள்ளே தள்ளி, அவற்றின் மேலேயே ஆறு இழையாகத் தொடருங்கள். ஆறரை அடியில் இன்னும் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள், எங்காவது படியோ பள்ளமோ தட்டினால் தயங்காமல் அதுவரை பிரித்துவிடுங்கள், ஏனென்றால் சொடுக்கும்போது சாட்டை அங்கேதான் மடங்கும். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் இந்தத் தடவிப் பார்ப்பதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

அப்புறம் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து உருட்டி, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுங்கள். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். நுனியில் இரண்டு மூன்று அடிக்கு ஒற்றைக் கயிறு, அதன் முனையில் முறுக்கிய நைலான் நூலில் ஒரு சாண் குஞ்சம். நீட்டி விட்ட இரண்டு இழைகளையும் பிடியின் துளை வழியாக இழுத்து, வெளியே முடிச்சுப் போடுங்கள்.

முதல் சொடுக்குக்குக் கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். பக்கத்தில் ஆளும் மாடும் இருக்கக் கூடாது. சத்தம் வரவில்லை என்று பலத்தைக் கூட்டாதீர்கள், பிடியை முன்னே தள்ளி நிறுத்தினாலே நல்ல சாட்டை வெடிக்கும். குஞ்சம் சீக்கிரம் பிய்ந்துபோகும், நாலைந்து முறுக்கிக் கைவசம் வைத்திருங்கள்.