காசைப் பார்த்து வயசைச் சொல்லாதீர்கள்: குர்து வெள்ளித் தாயத்து வாங்குவோருக்கு

முதலில் நான் செய்த தவறையே சொல்லிவிடுகிறேன். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா எல்லைப் பகுதிகளில் வாழும் குர்து மக்கள் நிவிஷ்த் என்று சொல்கிற தாயத்துக்கான வெள்ளிக்கூடு ஒன்று கைக்கு வந்தது. விரல் நீளக் குழல், அடியில் ஐந்து சங்கிலி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காசு. வீட்டுக்கு வந்ததும் வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, பூவேலைப்பாடு மங்கிப்போனது. பள்ளங்களில் தங்கியிருந்த கருமைதான் அந்தக் கோடுகளையே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

கறுப்பெல்லாம் அழுக்கில்லை. சவாத் என்று ஒரு வேலை உண்டு: வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கி, செதுக்கிய கோடுகளில் நிரப்புவார்கள். கிழக்குத் துருக்கியில் உள்ள வான் என்னும் நகரத்து ஆர்மீனியத் தட்டார்கள் இதில் பேர்போனவர்கள். முக்கி எடுத்தால் மின்னும் என்று விற்கிற திரவத்தை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

வான் என்றதும் அடுத்த தவறு. குர்து நகை என்றால் குர்துகள்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைப்போம். அணிந்தது அவர்கள், செய்த கை பல நேரம் வேறு. வானில் ஆர்மீனியர், தென்கிழக்குத் துருக்கியின் மித்யாத்தில் வெள்ளிக் கம்பிவேலை செய்த சிரியாக் கிறிஸ்தவர், ஈராக்கியக் குர்திஸ்தானில் யூதர். 1915 ஆர்மீனிய இனப்படுகொலையோடு வான் பட்டறைகள் போயின. 1950-51ல் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆகவே ஹீப்ரு எழுத்தைப் பார்த்ததும் "இது அந்த ஊர்ப் பொருளே இல்லை" என்று ஒதுக்க வேண்டாம். பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் லிலித் என்னும் பேயிடமிருந்து காக்க அங்குள்ள யூதர்களும் வெள்ளித் தாயத்து வைத்திருந்தார்கள். மறுபக்கம், செந்நிறக் கல்லும் தங்கப்பூச்சுமாக வரும் மத்திய ஆசியத் துர்க்மன் நகையைக் குர்து நகை என்று சொல்லி விற்றுவிடுகிறவர்களும் உண்டு.

சரி, வயசு. என் தாயத்தின் காசில் 1293 என்று அரபு எண்ணில் இருந்தது. ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு, நம் கணக்கில் 1876 என்று துள்ளிக் குதித்தேன். ஆனால் அது ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய ஆண்டு. 1909 வரை அவர் பேரில் அடித்த காசெல்லாம் அதே 1293தான். எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது தனி எண்ணாக இருக்கும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசா பேரில் அடித்த வெள்ளிக் காசு இன்னும் மோசம். அவர் 1780ல் இறந்த பிறகு எந்தக் காலத்தில் அடித்தாலும் அதில் 1780 என்றே இருக்கும். காசு சொல்வது ஒன்றுதான்: அது பின்னால் மாட்டியதாக இல்லாவிட்டால், நகை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பழைய காசைப் புது நகையில் கோக்க எவ்வளவு நேரமாகும்?

வயசுக்கு நான் பார்ப்பது வளையங்களை. ஒன்றோடொன்று உரசும் இடம் நூலாக இளைத்திருக்க வேண்டும். பின்பக்கம் துணியில் பட்டுப் பட்டு வழவழத்திருக்க வேண்டும். எங்கும் ஒரே சீரான கருமை என்றால் மருந்து வைத்துக் கறுக்க வைத்திருக்கலாம். 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்ற முத்திரை இருந்தால் அநேகமாகப் புதுசு. முத்திரையே இல்லாததால் போலி என்றும் ஆகாது, கிராமத்து நகைகள் பலவற்றில் அது இருக்காது.

அங்கேயே போய் வாங்குகிறவர்களுக்கு: துருக்கியில் 1983ன் 2863ஆம் எண் சட்டம், ஈராக்கில் 2002ன் 55ஆம் எண் சட்டம். இரண்டும் தொல்பொருளை வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகின்றன. ரசீது இல்லாமல் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

குழலை ஆட்டினால் உள்ளே ஏதோ சரசரக்கும். மந்திரம் எழுதிய காகிதச் சுருள். கத்தி முனையால் மூடியை நெம்பினால் மூடி வளையும், பல காலம் சுருண்டிருந்த காகிதம் விரித்ததும் பொடியாகும். என்னுடையதில் இன்னும் சரசரக்கிறது. திறக்கவில்லை.