நாய்க்குப் பயிற்சியாளர் அமர்த்துமுன்

பயிற்சியாளரைத் தேடுமுன் ஒரு தாளை எடுத்து, நாய் இப்போது என்ன செய்கிறது, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "சொன்ன பேச்சே கேட்பதில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "வாசல் மணி அடித்ததும் ஓடிப்போய் வருபவர் மேல் தாவுகிறது, நான்கு காலும் தரையில் இருக்க வேண்டும்" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது, நாளுக்கு எத்தனை முறை என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கைபேசியில் படம் பிடித்தும் வைக்கலாம். ஆனால் படத்துக்காக நாயைச் சீண்டி உறுமவைக்காதீர்கள்.

குறிப்பு எழுதும்போதே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொட்டாலே சீறுகிறதா, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா? அப்படியானால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. காதுப் புண், பல்வலி, மூட்டுவலி, சிறுநீர்த் தொற்று எல்லாம் வெளியே "கெட்ட குணம்" போலத்தான் தெரியும். வலியோடு இருக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுப்பது அதன் மீது செய்யும் அநியாயம்.

அடுத்து, எந்த மாதிரி உதவி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உட்கார், இரு, வா, கயிற்றை இழுக்காமல் நட போன்ற அடிப்படைக்குக் குழு வகுப்பே போதும். ஓர் ஆசிரியருக்கு ஆறேழு நாய்களுக்கு மேல் இருந்தால் உங்கள் பக்கம் திரும்ப அவருக்கு நேரம் இருக்காது. கடித்த நாய், தனியாக விட்டால் கதவைப் பிராண்டும் நாய், அந்நியரைக் கண்டு நடுங்கும் நாய் ஆகியவற்றுக்குக் குழு வகுப்பு கூடாது. இவற்றுக்கு நடத்தைச் சிக்கல்களில் தேர்ந்தவர் தனியாக வந்து பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு மருந்தும் தேவைப்படும், அதை மருத்துவர்தான் எழுதித் தர முடியும்.

குட்டி என்றால் காத்திருக்காதீர்கள். "ஆறு மாதம் ஆகட்டும்" என்பது பழைய வழக்கம், நட்டமும் அதில்தான். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆவது வாரம் வரைதான் குட்டி புதிய மனிதர்களையும் சத்தங்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஏழு நாளாவது கழிந்திருந்தால், ஏழெட்டு வாரக் குட்டியையே சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிகள் வகுப்பில் சேர்க்கலாம் என்பது அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமான ஏ.வி.எஸ்.ஏ.பி.யின் நிலைப்பாடு. உங்கள் பகுதியில் நோய்ப் பரவல் எப்படி என்று மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. ஜெர்மனியில் 2014 ஆகஸ்ட் முதல் இந்தத் தொழிலுக்கு அரசு அனுமதி கட்டாயம்; அது விதிவிலக்கு. அதனால் சான்றிதழைக் கேளுங்கள், அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். நாய்ப் பயிற்சியாளர்களுக்குத் தரப்படும் சி.பி.டி.டி.-கே.ஏ. என்ற சான்றிதழுக்குக் குறைந்தது 300 மணி நேரப் பயிற்சி அனுபவமும் தேர்வும் வேண்டும். ஆனால் கே.ஏ. என்றால் அறிவைச் சோதித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கைத்திறனை நீங்கள்தான் நேரில் பார்க்க வேண்டும்.

தொலைபேசியிலேயே இதைக் கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? பதிலில் செயல் இருக்க வேண்டும். "பட்டாணி அளவு கோழித்துண்டு கொடுப்பேன், தவறினால் கொடுக்க மாட்டேன், வேலையை இன்னும் சுலபமாக்குவேன்" என்றால் மேற்கொண்டு பேசலாம். "திருத்துவேன்", "சமநிலைப்படுத்துவேன்" என்று பூசி மெழுகினால், "எதைக் கொண்டு?" என்று விடாமல் கேளுங்கள். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின், கழுத்தில் குத்தும் முள்பட்டை, மின்னதிர்ச்சி தரும் மின்பட்டை என்று பெயர் வெளியே வரும். எல்லாப் பயிற்சிக்கும், சீறும் நாய்க்கும்கூட, வெகுமதி வழியையே ஏ.வி.எஸ்.ஏ.பி. 2021இல் பரிந்துரைத்தது. அடிக்குப் பயந்து உறுமுவதை நிறுத்திய நாய் திருந்தவில்லை. எச்சரிக்கை கொடுப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

"நீங்கள் ஆல்ஃபா ஆக வேண்டும்", அதாவது நாயை அடக்கி ஆளும் தலைவராக வேண்டும் என்பவரிடமும் கவனம் தேவை. அந்தக் கருத்து 1947இல் வெளியான, அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்து கிளம்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இலேயே விளக்கிவிட்டார். "பத்தே நாளில் உத்தரவாதம்" என்பவரையும் தவிருங்கள். உயிருள்ள பிராணியின் நடத்தைக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

பிறகு உங்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பைப் பார்க்கப் போங்கள். அனுமதிக்க மறுத்தால் அந்த இடம் வேண்டாம். அங்கே பயிற்சியாளரின் முகத்தை விட்டுவிட்டு நாயின் முகத்தைப் பாருங்கள். அவர் நெருங்கும்போது நாயின் உடல் தளர்ந்து வால் அகலமாக ஆடுகிறதா? அல்லது காதுகள் பின்னே ஒட்டி, உணவே இல்லாதபோது உதட்டை நக்கி, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டு, கண்ணின் வெள்ளை தெரியத் தலையைத் திருப்புகிறதா? இரண்டாவது வகை நாய்கள் நிறைய இருந்தால் கிளம்பிவிடுங்கள். அவர் கையையும் கவனியுங்கள். நாயின் பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே கிளிக்கர் என்ற சிறு கைக்கருவியின் "கிளிக்" ஒலி அல்லது "ஆம்" என்ற சொல் வர வேண்டும், அதன் பிறகுதான் கை தீனிப்பைக்குள் போக வேண்டும். கை முதலில் போனால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல்லைக் கேட்காது. இரண்டு நொடி தாமதித்தால் நாய் எழுந்துவிட்டிருக்கும். எழுந்ததற்குத்தான் கூலி கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும்.

நாயை இரண்டு மூன்று வாரம் அவரிடமே விட்டுப் பயிற்றும் முறை வசதியாகத் தோன்றும். அதில் இரண்டு சிக்கல்கள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேலும், ஓரிடத்தில் கற்றதை நாய் இன்னோரிடத்துக்குத் தானாகக் கொண்டுவராது. அவர் கூடத்தில் உட்காரும் நாய் உங்கள் வாசலில் தாவும். வேறு வழியே இல்லையென்றால் தினமும் வீடியோ, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் உரிமை, முடிவில் உங்களுக்கு நேரடி வகுப்புகள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எந்த முறையானாலும் வகுப்புகளின் எண்ணிக்கை, என்னென்ன கருவிகள், வராத நாளுக்கும் பாதியில் நிறுத்தினாலும் பணம் என்ன ஆகும் என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

வகுப்பு தொடங்கிய பின் வேலை உங்களுடையது. நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். குட்டிக்கு அதிலும் குறைவு. பரிசாகக் கொடுக்கும் தீனி நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சாப்பாட்டிலேயே எடுத்து வைத்துக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் "வா", இன்னொருவர் "இங்கே வாடா", மூன்றாமவர் "கம்" என்றால் நாய்க்கு அது மூன்று பாடம்.

மூன்று வகுப்பு முடிந்ததும் அந்த முதல் தாளை எடுத்து மறுபடி எண்ணுங்கள். நாளுக்கு ஐந்து தாவல் மூன்றாகியிருந்தால் தொடருங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தால் பயிற்சியாளரிடம் தாளைக் காட்டுங்கள். நல்லவர் உங்களைக் குறை சொல்லாமல் திட்டத்தை மாற்றுவார். அவர் குரலைக் கேட்டதும் நாய் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், எண்ணிக்கை குறைந்திருந்தாலும் சரி, கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.